ஒரு சுண்டெலியும் பல தூரிகைகளும்

குழந்தைகள் வளரும் இல்லங்களில் எல்லாம் இந்நாளில் ஒரு சுண்டெலியும் உடன் வளர்கின்றது. பள்ளிப் பையில் அது சிரிக்கின்றது. பென்சில் பெட்டியில் கையசைக்கின்றது. பிறந்தநாள் கேக்கின் மேல் சர்க்கரைப் பொம்மையாய் நிற்கின்றது. இரண்டு வட்டக் காதுகள், சிவப்புக் காற்சட்டை, பெரிய மஞ்சள் காலணிகள். இவ்வளவே அதன் அடையாளம். எழுத்தறியாக் குழந்தையும் அதனைக் கண்டவுடன் ‘மிக்கி’ என்று பெயர் சொல்லி அழைக்கும்.

2024ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாளன்று இச்சுண்டெலியின் வரலாற்றில் ஒரு புதிய ஏடு புரண்டது. அமெரிக்கச் சட்டம் விதித்த 95 ஆண்டுக் காலம் முடிவுற்றமையால், 1928இல் வெளிவந்த முதல் மிக்கியின் உருவம் அந்நாட்டில் பொதுச் சொத்தாயிற்று. பின்னாளில் மெருகேற்றப்பெற்ற சில உருவங்களும் வாணிகக் குறியும் இன்னும் டிஸ்னி நிறுவனத்தின் உரிமையே. எனினும், கறுப்பு வெள்ளைப் படத்தில் நீராவிப் படகின் சுக்கானைத் திருப்பியபடி சீழ்க்கையடித்த அந்தப் பழைய மிக்கியை அங்கு இனி எவரும் எடுத்தாளலாம்.

எவரும் எடுத்தாளலாம் என்றவுடன் ஒரு வினாவும் பிறக்கின்றது. குழந்தைகள் நேசிக்கும் ஓர் உருவத்தைக் கையில் எடுக்கும் கலைஞன் அதனைக்கொண்டு என்ன செய்தல் தகும்? பிறர் படைத்ததைப் புதுக்கோலத்தில் வரைவது கலையா, களவா, வெறுங்கேலியா? இதற்குரிய விடை சட்ட நூல்களில் மட்டும் இல்லை. சட்டம் இடங்கொடுக்கும் முன்னரே இச்சுண்டெலியைத் தம் தூரிகையால் தொட்டவர் பலர். அவர்களுள் சிலரின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

இழப்பில் பிறந்த சிரிப்பு

மிக்கி பிறந்ததே ஓர் இழப்பினால்தான். வால்ட் டிஸ்னியும் அவருடைய நண்பர் அப் ஐவர்க்சும் முதலில் படைத்துப் புகழ்பெற்றது ஆஸ்வால்டு என்னும் முயல். ஆனால் அம்முயலின் உரிமை படத்தை வெளியிட்ட நிறுவனத்தாரிடம் இருந்தது. 1928ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆஸ்வால்டை இழந்து வெறுங்கையராய் நின்ற இருவரும், புதிதாய் ஏதேனும் படைத்தே தீரவேண்டிய நிலையில் உருவாக்கியதே இச்சுண்டெலி. தொடக்கப் படங்களின் பெரும்பகுதியை வரைந்தது ஐவர்க்சின் கை. ஆயினும் உலகம் அறிந்த பெயர் டிஸ்னியினுடையது. உழைத்த கை மறைந்திருக்க, உரிமை கொண்டாடும் பெயர் ஒளிர்வது இவ்வுலகில் புதிதன்று.

அவ்வாண்டு நவம்பர் 18ஆம் நாள் நியூயார்க் நகரின் காலனி அரங்கில் ‘ஸ்டீம்போட் வில்லி’ என்னும் படம் திரையிடப்பெற்றது. இசையும் அசைவும் இம்மியும் பிசகாது இணைந்து வந்த அப்படத்தைக் கண்டு மக்கள் வியந்தனர். அப்படத்து மிக்கி இன்று நாமறிந்த சாதுவான மிக்கி அல்லன். பூனையின் வாலைப் பற்றிச் சுழற்றுவான். வாத்தை நெருக்கி ஓசை எழுப்புவான். பசுவின் பற்களைத் தட்டி இசைக்கருவியாக்குவான். பிள்ளைகள் இவனைப் பின்பற்றுவார்களே என்ற கவலை எழவே, அவனைப் படைத்தவர்களே காலப்போக்கில் அவனது குறும்பைக் குறைத்து நல்லவனாக்கினர். ஆகவே, மிக்கிக்கு முதன்முதல் புதுக்கோலம் பூட்டியவர்கள் அவனுடைய சொந்த வீட்டாரே எனலாம்.

அருங்காட்சியகம் புகுந்த மிக்கி

1961ஆம் ஆண்டில் ராய் லிச்டென்ஸ்டைன் என்னும் அமெரிக்க ஓவியர், மலிவான குழந்தை நூல் ஒன்றிலிருந்து ஒரு காட்சியை எடுத்து, ஏறத்தாழ நான்கடி உயரமும் ஆறடி அகலமும் உள்ள பெரும் ஓவியமாகத் தீட்டினார். டொனால்டு வாத்து தூண்டில் வீசுகின்றது. முள் அதன் சட்டையின் பின்புறத்திலேயே மாட்டிக்கொள்கின்றது. பெரிய மீன் சிக்கிவிட்டதென்று வாத்து துள்ளுகின்றது. அருகில் நிற்கும் மிக்கி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்குகின்றான். அச்சுப்பொறி இடும் சிறுசிறு புள்ளிகளையும் ஓவியர் விடாது தம் கையால் வரைந்திருந்தார். ‘லுக் மிக்கி’ என்னும் அவ்வோவியம் இன்று வாஷிங்டன் நகரின் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது.

குழந்தைப் படத்தைப் பெரிதாக்கியதில் என்ன கலை உண்டு என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். அக்கேள்வியில் நியாயமும் உண்டு. முதலில் அக்காட்சியை வரைந்த ஓவியர்களின் பெயரை இக்கூடத்தில் நின்று பார்ப்போர் எத்தனை பேர் அறிவர்? ஆயினும் லிச்டென்ஸ்டைன் ஒன்றைச் சாதித்தார். நாள்தோறும் கண்முன் நின்றும் நாம் உற்றுப் பாராத ஒன்றின்முன் நம்மை நிறுத்தி வைத்தார். தன் தூண்டிலில் தானே சிக்கியதை வெற்றியென்று கொண்டாடும் வாத்தைப் பெரிய அளவில் கண்டபோது, அது வாத்தின் கதை மட்டும்தானா என்ற ஐயம் பார்ப்போருக்கு எழுந்திருக்கலாம்.

ஆண்டி வார்ஹால் என்னும் மற்றோர் ஓவியர் மிக்கி பிறந்த அதே 1928இல் பிறந்தவர். பிட்ஸ்பர்க் நகரில் பைசாந்திய வழிபாட்டு முறையைச் சார்ந்த எளிய கத்தோலிக்கக் குடும்பத்தில் தோன்றியவர். 1981இல் அவர் ‘தொன்மங்கள்’ என்னும் தலைப்பில் பத்துப் படங்களை அச்சிட்டார். அவற்றில் மிக்கியும், சூப்பர்மேனும், கிறிஸ்துமஸ் தாத்தாவும், சூனியக்காரியும் இடம்பெற்றனர். பண்டைய மக்கள் தேவர்களைப் பற்றிக் கதை சொன்னார்கள். இக்கால மக்களின் உள்ளத்தில் அவ்விடத்தை நிரப்பியிருப்போர் இவர்களே என்று அவர் சுட்டிக் காட்டினார். புகழாரமா, எச்சரிக்கையா என்று வார்ஹால் கூறவில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்குப் புனிதர்களின் வரலாறு எவ்வளவு தெரியும், இவ்வுருவங்களின் வரலாறு எவ்வளவு தெரியும் என்று பெற்றோர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டால், அப்படங்களின் பொருள் அவர்களுக்கு விளங்கும்.

சேற்றை வாரிப் பூசியோர்

புதுக்கோலம் பூட்டியோர் அனைவரும் உயர்ந்த நோக்குடையவர் அல்லர். 1971இல் டான் ஓநீல் என்பவரும் அவர் தோழர்களும் சேர்ந்து ‘ஏர் பைரட்ஸ்’ என்னும் பெயரில் சித்திரக்கதை இதழ்கள் இரண்டை வெளியிட்டனர். மிக்கியையும் அவன் தோழர்களையும் அச்சு அசலாக வரைந்து, அவர்களை ஆபாசச் செயல்களிலும் போதைப் பழக்கத்திலும் ஈடுபடுத்தினர். பெருநிறுவனத்தின் போலிப் புனிதத்தைக் கிழிப்பதே தம் நோக்கம் என்றனர். டிஸ்னி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. கேலி செய்யத் தேவையான அளவுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள் என்று 1978இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று.

2024இல் உரிமை நீங்கியவுடன் நிகழ்ந்ததும் இதனின் வேறன்று. மிக்கி முகமூடி அணிந்த கொலைகாரனைக் கொண்ட திகிற்படம் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டில், உரிமை நீங்கிய மற்றொரு குழந்தைக் கதாபாத்திரமான வின்னி கரடியும் இரத்தவெறி கொண்ட அரக்கனாகத் திரையில் தோன்றிற்று.

குழந்தைமைக்குரிய ஒன்றைக் குருதியில் தோய்த்தால் பார்ப்போர் திடுக்கிடுவர். திடுக்கிட்டால் நுழைவுச் சீட்டு விற்கும். இதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. பழைய மிக்கி பொருள் விற்கப் பயன்பட்டான் என்று குறைகூறுவோரும் அவனை வைத்துப் பொருள் விற்கவே செய்தனர். உண்மை எதுவும் அங்கே புதிதாய்ப் புலப்படவில்லை.

முள்வேலிக்குள் ஒரு மிக்கி

அப்படியானால் உண்மை புலப்பட்ட இடம் எது? பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கில், பிரனீஸ் மலையடிவாரத்தில் குர்ஸ் என்றோர் ஊர் உண்டு. ஸ்பெயின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்தோரை அடைத்துவைக்க 1939இல் அங்கு ஒரு முகாம் அமைக்கப்பெற்றது. அடுத்த ஆண்டு பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தபின், பல்லாயிரம் யூதர் அம்முகாமில் அடைக்கப்பட்டனர். கால் புதையும் சேறு, மழை ஒழுகும் மரக் கொட்டகைகள், பசி, நோய். அங்கே கைதியாய் இருந்தவர்களுள் ஒருவர் ஹார்ஸ்ட் ரோசந்தால். 1915இல் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் பிரான்சுக்குத் தப்பி வந்தவர்.

1942இல் அம்முகாமில் இருந்துகொண்டு அவர் சில பக்கங்களே கொண்ட ஒரு சிறு சித்திரக்கதையைக் கையால் எழுதி வரைந்தார். ‘குர்ஸ் முகாமில் மிக்கி’ என்பது அதன் பெயர். வால்ட் டிஸ்னியின் அனுமதியின்றி வெளியிடப்பெற்றது என்று முகப்பிலேயே குறும்பாய்க் குறித்து வைத்தார். நாளை உயிரோடிருப்போமா என்று அறியாத ஒருவர் பதிப்புரிமையைப் பற்றிக் கவலைப்படுவதாய் நடிக்கின்றார்! அந்நகைச்சுவையின் கசப்பை என்னென்பது!

கதை மிக எளிது. பிரான்சில் நடந்து சென்ற மிக்கியைக் காவலர் மறித்து அடையாளத் தாள்களைக் கேட்கின்றார். தாள் ஏதும் இல்லாத மிக்கி முகாமுக்குக் கொண்டுசெல்லப்படுகின்றான். அங்கே மலைபோல் குவிந்த காகிதங்களுக்கிடையே தலை மட்டும் தெரியும் ஓர் அலுவலர் வினவுகின்றார்: தந்தை யார்? வால்ட் டிஸ்னி. தாய் யார்? தாய் இல்லை. நாடு எது? எல்லா நாடும். யூதனா? சுண்டெலிக்கு விடை தெரியவில்லை. அப்படி ஒரு கேள்வி உலகில் உண்டு என்பதே அதற்குத் தெரியாது! பிறகு அன்றாட உணவாக ரொட்டி தரப்படுகின்றது; பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தாலன்றி அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கடைசிப் பக்கத்தில் மிக்கி ஒரு முடிவுக்கு வருகின்றான். தான் கோடுகளால் ஆன உருவமே; அழிப்பானால் தன்னைத் தானே அழித்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போய்விடுகின்றான்.

மிக்கி போய்விட்டான். அவனை வரைந்தவரால் போக இயலவில்லை. 1942 செப்டம்பரில் ரோசந்தால் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டு, அங்கே கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27. அவருடைய சிறுநூல் மட்டும் தப்பிப் பிழைத்து, இன்று பாரிஸ் நகரின் யூத இனப்படுகொலை நினைவகத்தில் பாதுகாக்கப்படுகின்றது.

இதே பிரெஸ்லாவ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, கார்மேல் சபைத் துறவியாகி, அதே 1942 ஆகஸ்டில் அதே ஆஷ்விட்சில் உயிர்நீத்தவரே 1998இல் புனிதராக உயர்த்தப்பெற்ற எடித் ஸ்டைன். அந்த ஆகஸ்டு மாதத்திலேயே, தென் பிரான்சின் துலூஸ் நகரப் பேராயர் சலியேஜ் ஒரு மடல் எழுதினார். வாதநோயால் உடல் தளர்ந்து, பேச்சும் குழறிய நிலையில் இருந்தவர் அவர். யூதரும் நம்மைப் போன்ற ஆண்களும் பெண்களுமே, அவர்களும் நம் உடன்பிறப்புகளே என்ற அம்மடலை, அரசு அதிகாரி தடுக்க முயன்றும், ஆகஸ்டு 23ஆம் நாள் ஞாயிறன்று மறைமாவட்டத்தின் பல ஆலயங்களில் குருக்கள் வாசித்தனர். சுண்டெலியின் வாயிலாகக் கைதி கேட்டதும், மடலின் வாயிலாகப் பேராயர் கேட்டதும் ஒரே கேள்வியே: மனிதனைத் தாளில் எழுதிய இனப்பெயரைக்கொண்டு அளப்பது தகுமா?

இழிசொல்லைத் திருப்பிய நூல்

யூதரை எலிகளோடு ஒப்பிட்டு நாஜிகள் 1940இல் ஒரு பிரசாரப் படமே எடுத்திருந்தனர். ஒருவரை எலி என்று பன்முறை சொல்லிவிட்டால், அவரை நசுக்குவது பாவமாய்த் தோன்றாது. இந்த இழிசொல்லையே கையிலெடுத்தார் அமெரிக்கச் சித்திரக்கதைக் கலைஞர் ஆர்ட் ஸ்பீகல்மன். அவருடைய தந்தை ஆஷ்விட்சிலிருந்து உயிரோடு மீண்டவர். அவர் சொல்லக் கேட்ட வரலாற்றை, யூதரைச் சுண்டெலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்து ‘மவுஸ்’ என்னும் நூலாக்கினார். ஜெர்மன் மொழியிலும் அச்சொல் சுண்டெலியையே குறிக்கும். முதற் பகுதி 1986இலும் இரண்டாம் பகுதி 1991இலும் நூலாயின. 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு அதற்கு வழங்கப்பெற்றது.

பூனை எலியைத் துரத்தும் வேடிக்கையைக் கார்ட்டூன் படங்களில் கண்டு சிரித்த நமக்கு, அந்நூலைப் படிக்கையில் சிரிப்பு வருவதில்லை. எலிமுகத்துக்குப் பின்னே ஒரு தந்தை, ஒரு தாய், இழந்த ஒரு குழந்தை என்று மனித முகங்களே தெரிகின்றன. 2022இல் டென்னஸி மாநிலத்தின் ஒரு பள்ளிக் குழு, தகாத சொற்களும் ஆடையற்ற ஓர் உருவமும் உள்ளன என்று கூறி இந்நூலைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கிற்று. எவ்வயதுப் பிள்ளைக்கு எந்நூல் தகும் என்று பார்ப்பது பெரியோரின் கடமையே. ஆனால், கொடுமையைக் கண்டு அதிராமல் அதனைச் சொல்லிய சொல்லைக் கண்டு அதிர்வது சரியா என்று அன்று பலர் கேட்டனர். சிந்திக்க வேண்டிய கேள்வி.

கோட்டோவியம் பீடமேறியது

கீத் ஹேரிங் பென்சில்வேனியாவில் சிறுவனாய் இருந்தபோது தந்தையிடம் கார்ட்டூன் வரையக் கற்றவர். டிஸ்னியின் உருவங்களைப் பார்த்து வரைந்தே கைபழகியவர். நியூயார்க் நகரின் சுரங்க ரயில் நிலையங்களில், விளம்பரம் இல்லாத கறுந்தாள்களின்மேல் சுண்ணக்கட்டியால் அவர் வரைந்த படங்களை ஏழை எளியோர் நின்று பார்த்தனர். மிக்கியையும் வார்ஹாலையும் ஓருருவாக்கி, டாலர் குறிகள் சூழ அவர் வரைந்த ‘ஆண்டி மவுஸ்’ படங்கள் 1986இல் வெளிவந்தன. கலைஞனும் விற்பனைப் பொருளாகிவிடுகின்றான் என்பதை அவை சொல்லாமல் சொல்லின.

எய்ட்ஸ் நோய் கண்டு, 1990 பிப்ரவரியில் 31ஆம் வயதில் அவர் மறைந்தார். இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் அவர் முடித்த கடைசிப் படைப்பு எது தெரியுமா? ‘கிறிஸ்துவின் வாழ்வு’ என்னும் மூன்று மடிப்புப் பீடப்படம். வெண்கலத்தில் வார்த்து வெண்பொன் பூசியது. நடுவில் பல கரங்கள் கொண்ட ஓருருவம் குழந்தையை ஏந்தி நிற்க, மேலே சிலுவை. மேலிருந்து துளிகள் சொரிகின்றன. கீழே கைகளை உயர்த்திய மக்கள் கூட்டம். சிறுவயதில் கார்ட்டூனில் பழகிய அதே தடித்த எளிய கோடு! அதன் படிகளுள் ஒன்று பாரிஸ் நகரின் தூய யூஸ்தாசு ஆலயத்தில் வைக்கப்பெற்றுள்ளது. நடைபாதையில் சிரிப்பூட்டிய கோடு, சாவின் வாயிலில் செபமாயிற்று.

திருச்சபை செய்ததும் இதுவே

பழைய உருவத்தைப் புதுப்பொருளுக்கு ஆளாக்குவது திருச்சபைக்குப் புதிதன்று. உரோமை நகரின் பிரிசில்லா நிலவறைக் கல்லறையில், தோளில் ஆட்டைச் சுமந்த ஓர் இளைஞனின் ஓவியம் உண்டு. மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்தது. ஆட்டைச் சுமக்கும் ஆடவன் உருவம் கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகட்கு முன்பே கிரேக்கரிடம் வழங்கிய ஒன்று. அவர்களுக்கு அது பலிக்கு ஆட்டைக் கொண்டுசெல்பவனின் உருவம். முதற் கிறிஸ்தவர்கள் அவ்வுருவத்தை அழிக்கவில்லை. அதனைப் பார்த்துப் பழிக்கவுமில்லை. ஏற்றுக்கொண்டு, அதற்குள் நல்ல ஆயனைக் கண்டனர். பலியிடச் சுமந்தவன் காத்திடச் சுமப்பவன் ஆனான்.

இங்கேதான் நாம் தேடிய அளவுகோல் கிடைக்கின்றது. ரோசந்தாலும் ஸ்பீகல்மனும் செய்தது இதுவே. திகிற்படம் எடுத்தோர் செய்யத் தவறியதும் இதுவே. பழைய உருவத்தை எடுத்தாளும் கலைஞன் அதன்மேல் யாரைச் சுமக்க வைக்கின்றான்? குரலற்ற ஒருவரையா, தன் பணப்பையையா? இவ்வொரு கேள்வியால் பெரும்பாலானவற்றை நாம் நிறுத்துப் பார்த்துவிடலாம்.

நம் இல்லங்களில்

பெற்றோரே, இன்று உங்கள் பிள்ளைகள் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் காணும் கார்ட்டூன் உருவங்களுக்கு அளவில்லை. பழைய உருவங்கள் புதுவேடம் பூண்டு நாள்தோறும் வருகின்றன. கணிப்பொறியிடம் கேட்டால் நொடியில் வரைந்து தருகின்றது. எல்லாவற்றையும் தடுத்துவிட இயலாது. எல்லாவற்றையும் பார்க்க விடுவதும் நன்றன்று.

வாரத்தில் ஒரு மாலையேனும் பிள்ளையோடு அமர்ந்து பாருங்கள். பார்த்தபின் திட்டாமல் வினவுங்கள்: இப்படம் நம்மை யாரைப் பார்த்துச் சிரிக்கச் செய்தது? வலியவனைப் பார்த்தா, எளியவனைப் பார்த்தா? கறுத்தவன், தடித்தவன், திக்கிப் பேசுபவன் என்று ஒருவனை இழிவாக்கிச் சிரிப்பூட்டியதா? அச்சிரிப்பு நாளை வகுப்பறையில் யார்மேல் பாயும்? குழந்தைகள் இக்கேள்விகளுக்கு வியக்கத்தக்க விடை தருவார்கள்.

மற்றொன்றும் செய்யலாம். ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, அவர்களுக்குப் பிடித்த உருவத்தை அவர்களே வரையட்டும். அதனை நம் தெருவுக்கு அழைத்து வரட்டும். மழையில் ஒழுகும் வீட்டிலும், மருத்துவமனை வரிசையிலும், தனித்திருக்கும் பாட்டியின் திண்ணையிலும் அது என்ன செய்யும் என்று தம் கற்பனையால் சொல்லட்டும். பிறர் செய்து தந்ததை நுகர்வதோடு நில்லாமல், பிறர் துயரைக் காணக் கற்ற கண்ணும், அதனை வரையத் துணிந்த கையும் பிள்ளைக்கு வாய்ப்பது பெரும்பேறு.

குர்ஸ் முகாமின் சேற்றில் ரோசந்தாலுக்கு இருந்தவையும் சில தாள்களும், சிறுவயது முதல் எல்லோரும் நேசித்த ஒரு சுண்டெலியின் உருவமும்தாம். அவற்றைக்கொண்டு தம்மோடு அடைபட்டோரின் துயரை உலகுக்கு எழுதி வைத்தார். கொன்றவர்களின் அதிகாரம் அழிந்தது. அவர் வரைந்த கோடுகள் அழியவில்லை.